வக்கீல் இணையதளத்தில் எழுதிய வீட்டு விஷயம் யார் யாருக்குப் போகும்?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கணவரோடு தொடர்ந்து வாழ முடியாத நிலை. வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு நாள் ராத்திரி போனில் தேடி, ஒரு வக்கீல் அலுவலகத்தின் இணையதளத்துக்குப் போனேன். திறந்ததும் இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. 'ஐ அக்ரீ' என்று அழுத்திவிட்டேன். 'உங்கள் பிரச்சினையை விரிவாக எழுதுங்கள், ரகசியம் காக்கப்படும்' என்று போட்டிருந்த இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கணவர் மனநல மருத்துவரிடம் மாத்திரை வாங்குவது, என் சேமிப்பு, நகைக்கடன் எல்லாம். ஆதார் நகலும் ஏற்றினேன். அவர்களிடமிருந்து பதில் இல்லை. ஆனால் சில நாளில் வேறு யாரோ போன் செய்து, 'டைவர்ஸ் கேஸ் இருக்குதுங்களாமே' என்று கேட்டார். வீட்டு டிவியில் யூடியூப் போட்டால் விவாகரத்து ஆலோசனை விளம்பரம் வருகிறது. மாமியார் அதில்தான் சீரியல் பார்க்கிறார். நான் எழுதியதை அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா? கணவர் அதே வக்கீலிடம் போனால் என்ன ஆகும்? அழிக்கச் சொல்ல முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரிக்கு,

சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த டிவியைப் பாருங்கள்.

அநேகமாக டிவியில் திறந்திருப்பது உங்கள் ஜிமெயில் கணக்காக இருக்கும். போனில் நீங்கள் தேடியதும் டிவியில் யூடியூப் பார்ப்பதும் ஒரே கணக்கில் சேர்கின்றன. உங்கள் போனில் கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள் போனால், அந்தக் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். டிவி அதில் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். கணக்கு இல்லாமலும் டிவியில் யூடியூப் ஓடும், சீரியலுக்குக் குறை வராது. திடீரென்று மாற்றினால் கேள்வி வரும் என்று பயந்தால், விளம்பர அமைப்பில் 'தனிப்பயன் விளம்பரம்' என்பதை மட்டும் நிறுத்திவையுங்கள்.

அந்தப் பட்டியலில் கணவரின் போனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் தேடியது எல்லாம் அவர் நினைத்தால் படிக்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் 'இணைத்த சாதனங்கள்' பகுதியையும், கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வையும் பாருங்கள். வக்கீல் சம்பந்தமான கடிதப் போக்குவரத்துக்குப் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். அதன் கடவுச்சொல்லை மீட்கும் எண்ணாகக் கணவர் பெயரில் வாங்கிய சிம்மைக் கொடுக்காதீர்கள். தேடல் வரலாற்றை மொத்தமாகத் துடைத்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். இது சம்பந்தப்பட்டதை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். அதே வேகத்தில் கணவர் அனுப்பிய மிரட்டல் மெசேஜ், வாய்ஸ் நோட் எதையும் அழித்துவிட வேண்டாம். அவை நாளைக்குச் சாட்சியம்.

நீங்கள் கேட்டது இணையதளத்தைப் பற்றி, நான் போனைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்கலாம். குடும்ப வழக்குகளில் ரகசியம் வெளியே போனதாக வருகிறவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் அது வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு போன் வழியாகத்தான் போயிருக்கும். ஹேக்கர் கதையெல்லாம் அபூர்வம்.

சரி, இணையதளம். நீங்கள் எழுதி அனுப்பிய படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதது வேறு. பக்கம் திறந்த நொடியே, நீங்கள் ஓர் எழுத்துக்கூடத் தட்டும் முன்னால், அந்தப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் கணக்கெடுப்பு நிரல்கள் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் 'இந்தப் போனிலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஆள் வந்திருக்கிறது' என்று சொல்லிவிடும். பக்கத்தின் முகவரியிலேயே 'டைவர்ஸ் லாயர் திருப்பூர்' என்று இருக்கும் என்பதால் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பதும் சேர்ந்தே போகும். படிவத்தில் எழுதிய கதை சாதாரணமாக இந்த வழியில் போவதில்லை. ஆனால் ஃபேஸ்புக்கின் நிரலில் ஒரு வசதி உண்டு: படிவத்தில் தட்டிய மின்னஞ்சலையும் போன் எண்ணையும் குறியீடாக மாற்றி எடுத்துக்கொண்டு, அது யாருடைய கணக்கு என்று பொருத்திப் பார்க்கும். தளத்தை நடத்துபவர் அதை இயக்கிவைத்திருந்தால் போதும். பல வக்கீல்களுக்குத் தங்கள் தளத்தில் இப்படி ஒன்று ஓடுவதே தெரியாது. வெப்சைட் செய்து கொடுத்த பையன் போட்டுவிட்டுப் போயிருப்பான்.

ரகசியம் என்று வாக்குக் கொடுத்த இடத்திலேயே இது நடந்ததற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ஆலோசனைக்கு வந்தவர்களின் மின்னஞ்சல் போன்ற விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்டவைத்தது.

விவாகரத்து போன்ற குடும்பக் கஷ்டத்தை வைத்து ஆளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று கூகுளின் விளம்பர விதிகளிலேயே இருக்கிறது. விதி இருந்தும் உங்கள் டிவியில் வருகிறது. இந்த இடத்தில் வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் வக்கீல் விளம்பரமே செய்யக் கூடாது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 36 அதைத் தடுக்கிறது. 2008-ல் அந்த விதியைத் திருத்தி, இணையதளத்தில் சில விவரங்களை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பவை. அவ்வளவுதான். 'நூற்றுக்கு நூறு வெற்றி', 'முதல் ஆலோசனை இலவசம்', கட்சிக்காரர் (வக்கீலிடம் வழக்கைக் கொடுப்பவர்) கொடுத்த ஸ்டார் இதெல்லாம் இருந்தால் அந்தத் தளம் விதியை மதிப்பதில்லை என்று அர்த்தம். ஆகவே விவாகரத்துக்கு விளம்பரம் கொடுக்கிறவர் ஒன்று விதியை மீறும் வக்கீல், அல்லது வக்கீலே இல்லை.

எனக்கு இரண்டாவதுதான் சந்தேகம். நீங்கள் எழுதிய இடம் பதில் தரவில்லை, முன்பின் தெரியாத ஒருவர் அழைக்கிறார் என்றால், அது வக்கீல் அலுவலகம் போல வேஷம் போட்ட ஆள்பிடிக்கும் தளமாக இருக்கலாம். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதை வாங்கி, எந்த ஊரில் எந்த வக்கீல் காசு கொடுக்கிறாரோ அவருக்குத் தள்ளிவிடுவது அவர்கள் தொழில். கோர்ட் வாசலில் நின்றிருந்த புரோக்கர் இப்போது போனுக்குள் வந்துவிட்டார். 2024 ஜூலை 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, இப்படி ஆன்லைன் தளங்கள் மூலம் வேலை பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தளங்கள் அதற்காக மறைந்துவிடவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் போய்ப் பாருங்கள். ஒரு வக்கீலின் பெயர், பதிவு எண், அலுவலக முகவரி இருக்கிறதா? வெறும் கம்பெனி பெயரும் ஒரு மொபைல் எண்ணும்தான் என்றால் அவர்களிடம் வக்கீலுக்குரிய ரகசியக் கடமையை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் திறக்காமல், நம்பிக்கையான தோழியின் போனில் பாருங்கள்.

அந்த 'ஐ அக்ரீ' பெட்டி உங்கள் ரகசியத்தைப் பற்றியது என்று நினைத்து அழுத்தியிருப்பீர்கள். அது அவர்கள் தற்காப்புக்கு வைத்திருப்பது. 'நாங்கள் விளம்பரம் செய்யவில்லை, நீங்களாகவே தகவல் தேடி வந்தீர்கள், இந்தத் தளத்தைப் பார்ப்பதால் வக்கீல்-கட்சிக்காரர் உறவு உண்டாகாது' என்று அதில் எழுதியிருக்கும். பார் கவுன்சிலுக்குக் காட்ட வைத்த சீட்டு அது. அந்தக் கடைசி வரிதான் உங்களைப் பாதிக்கிறது.

ஏனென்றால் வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது என்ற பாதுகாப்பு அந்த உறவிலிருந்து வருகிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவு, கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 126-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய எண். வக்கீலின் குமாஸ்தா, மொழிபெயர்ப்பவர், வேலையாட்கள் எல்லாரையும் இது கட்டுப்படுத்தும். வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை முடியாது. சட்டவிரோதமான காரியத்துக்காகச் சொன்ன பேச்சுக்கும், வழக்கை ஏற்ற பிறகு நடந்ததாக வக்கீல் கவனித்த குற்றம், மோசடிக்கும் மட்டும் விலக்கு. இவ்வளவு வலுவான பாதுகாப்பு வேறு எந்தத் தொழிலுக்கும் நம் சட்டத்தில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அது 'கட்சிக்காரர்' என்ற சொல்லில் நிற்கிறது. படிவம் அனுப்பிவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பவர் கட்சிக்காரரா? 'வக்கீல் என்று நம்பி, வழக்குக்காகத்தான் சொன்னேன்' என்று நீங்கள் வாதாடலாம், நானும் உங்கள் பக்கம்தான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டும். எனவே இதை உறுதியான பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணவர் அதே வக்கீலிடம் போவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு தரப்புக்கு வழக்கு தொடர்பாக ஆலோசனை சொன்னவரோ, மனு எழுதிக் கொடுத்தவரோ, ஆஜரானவரோ எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 33. உங்களுக்கு யாரும் ஆலோசனை சொல்லவில்லையே. விதியின் எழுத்துப்படி பார்த்தால் ஓட்டை இருக்கிறது. நாணயமான வக்கீல் என்றால் உங்கள் பெயரைப் பார்த்ததுமே 'இந்த வழக்கு எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிடுவார். நாணயத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்பதற்காகத்தான் கீழே ஒரு கடிதம் எழுதச் சொல்கிறேன்.

தகவல் பாதுகாப்புச் சட்டம் என்ன தருகிறது? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. அதிலும் நமக்குத் தேவையான முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகின்றன. அப்போது என்ன தகவலை எதற்கு வாங்குகிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவுக்கே சுலபமாகத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா வராது. இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அதுவரை இருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும். உடல்நலம், மனநலம், மருத்துவக் குறிப்பு, நிதி விவரம் ஆகியவை அதில் 'உணர்வுபூர்வமான' தகவல்கள். தனி ஆள் நடத்தும் தொழில், கூட்டு நிறுவனம் எல்லாம் அதன் வரம்புக்குள் வரும் என்பதால் வக்கீல் அலுவலகம் தப்ப முடியாது, புரோக்கர் தளமும் தப்ப முடியாது. தளத்தில் தனியுரிமைக் கொள்கை போட்டிருக்க வேண்டும், குறைதீர்க்கும் அலுவலர் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறும் உரிமையும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. அலட்சியத்தால் உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டால் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரி அவர்தான். நடைமுறையில் அதுவரை போகிறவர்கள் மிகவும் குறைவு.

அந்தத் தளத்தின் தனியுரிமைக் கொள்கையை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நான் சில வக்கீல் தளங்களில் படித்துப் பார்த்திருக்கிறேன். நம்மூர் அலுவலகத்தின் கொள்கையில் கலிபோர்னியாவாசிகளின் உரிமைகளுக்குத் தனிப் பத்தி இருக்கும்! எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. 'எங்கள் கூட்டாளிகளுடன் பகிரலாம்' என்ற வரி அதில் இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இருந்தால் உங்களுக்கு வந்த அந்த அழைப்பு எப்படி வந்தது என்பது விளங்கிவிடும்.

இப்போது கடிதம். புதிய மின்னஞ்சலிலிருந்து, தளத்தில் இருக்கும் குறைதீர்க்கும் அலுவலருக்கோ, அப்படி யாரும் இல்லையென்றால் பொது மின்னஞ்சலுக்கோ இப்படி எழுதுங்கள்:

'இன்ன தேதியில் உங்கள் தளத்தின் படிவம் வழியாக என் விவரங்களையும் ஆதார் நகலையும் அனுப்பினேன். சட்ட ஆலோசனைக்காக மட்டுமே அனுப்பினேன். அதற்குக் கொடுத்த ஒப்புதலை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். நான் எழுதியவற்றையும் இணைப்பையும் மின்னஞ்சல் பெட்டி, நகல்கள் உட்பட எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டு எழுத்து மூலம் உறுதி தாருங்கள். இதுவரை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிவியுங்கள். இந்த விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொல்லவோ ஆஜராகவோ கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இந்த மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் அனுப்பவும்.'

படிவத்தில் கொடுத்த பெயரையும் பழைய மின்னஞ்சலையும் அடையாளத்துக்குக் குறிப்பிடுங்கள். 'நீங்கள்தானா என்று உறுதி செய்ய ஆதார் அனுப்புங்கள்' என்று பதில் வந்தால் மறுபடி அனுப்பிவிடாதீர்கள். உண்மையான வக்கீல் அலுவலகமாக இருந்தால், 'எல்லாவற்றையும் அழிக்கிறோம், பெயரையும் தேதியையும் மட்டும் வைத்துக்கொள்கிறோம்' என்று சொல்லக்கூடும். அதற்குச் சம்மதியுங்கள். நாளைக்கு உங்கள் கணவர் வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அந்தக் குறிப்பு வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வக்கீல் எதிர்த்தரப்புக்கு ஆஜரானாலோ, உங்கள் தகவலைக் கைமாற்றினாலோ, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆவது பிரிவின்படி புகார் கொடுக்கலாம். அப்போது இந்த மின்னஞ்சல்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். அழைத்தவரின் எண்ணையும் தேதியையும் குறித்துவையுங்கள். மறுபடி அழைத்தால் 'தவறான எண்' என்று வைத்துவிடுங்கள், விசாரிக்கிறேன் என்று பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ஆதாருக்கு: ஆதார் ஆணையத்தின் தளத்தில் உங்கள் கைரேகை, கருவிழி விவரத்தைப் பூட்டிவைக்கலாம், எங்கெங்கே உங்கள் ஆதார் பயன்பட்டது என்றும் பார்க்கலாம். அதற்கு ஓடிபி வரும். எந்த எண்ணுக்கு என்பதை முதலில் யோசியுங்கள். கணவரின் எண் பதிவாகியிருந்தால் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் உங்கள் எண்ணுக்கு மாற்றிய பிறகு செய்யுங்கள். இனி நகல் கேட்டால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். முதல் சந்திப்புக்கே ஆதார் கேட்கும் வக்கீலிடம் 'எதற்கு' என்று கேட்கலாம், தப்பில்லை.

கணவரின் சிகிச்சை விவரத்தைப் படிவத்தில் எழுதியதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. வி.பகத் எதிர் டி.பகத் என்ற வழக்கில், கணவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மனநோய் என்று மனைவி தரப்பு பதில் மனுவில் வைத்த குற்றச்சாட்டையே கொடுமையாக எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் கணவருக்கு விவாகரத்து கொடுத்தது. உங்கள் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் மருத்துவர் சீட்டு, தேதி என்று ஆவணத்தோடு வக்கீலிடம் நேரில் சொல்ல வேண்டிய செய்தி அது. எந்தத் தளமாக இருந்தாலும் படிவத்தில் பெயர், தொடர்புகொள்ளப் பாதுகாப்பான எண், எந்த நேரத்தில் அழைக்கலாம், 'குடும்ப வழக்கு' என்ற இரண்டு வார்த்தை இவ்வளவு போதும். கணவர் பெயரை மட்டும் முதலிலேயே கேட்டால் சொல்லலாம். அவர் ஏற்கெனவே அங்கே வந்திருக்கிறாரா என்று பார்க்க அவர்களுக்கு அது தேவை.

அடுத்து எங்கே போவது என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சட்டம் இருக்கிறது. சட்ட உதவி எண் 15100, பெண்கள் உதவி எண் 181. உங்கள் போனிலிருந்து அழைத்தால் அழைப்புப் பட்டியலில் நிற்கும் என்பதால் கம்பெனி போனிலிருந்தோ தோழியின் போனிலிருந்தோ அழையுங்கள். வழக்கு என்று போட்டால் இந்து திருமணச் சட்டம் 22-ஆவது பிரிவின்படி விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும், அதை அச்சிட்டு வெளியிடவும் தடை இருக்கிறது. போகும்போது கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று இருந்தால் அது, நகைக்கடன் ரசீது, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள். அசலை அம்மா வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைத்துவிடுங்கள்.